மாறவில்லை, இருப்பதையே காட்டு!

உலகத்தின் முதல் இணையதளம் இன்றும் இருக்கிறது. இன்ஃபோ டாட் செர்ன் டாட் சிஎச் என்ற முகவரியை ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். படம் கிடையாது, பாட்டு கிடையாது, குதித்து வந்து மறைக்கும் விளம்பரமும் கிடையாது. வெள்ளைத் திரையில் ஒரு தலைப்பு, கீழே நான்கு இணைப்புகள். முகப்புப் பக்கம் அவ்வளவுதான். ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தளம் அது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலை பற்றிய யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதல் சர்வரும் முதல் பிரவுசரும் ஓடத் தொடங்கிவிட்டன.

அந்த முகப்புப் பக்கத்தின் அளவு 646 பைட். உங்கள் வீட்டுப் போனில் எடுக்கும் ஒரு போட்டோ சாதாரணமாகவே பல லட்சம் பைட் இருக்கும்.

இத்தனை சின்னப் பக்கமும் தனியாக வருவதில்லை. பக்கத்துக்கு முன்னால் சில வரிகள் வருகின்றன. அவை திரையில் தெரியாது, பிரவுசர் மட்டும் படித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஹெடர் என்று பெயர். கம்ப்யூட்டரில் எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் நீங்களும் அவற்றைப் பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, எதையும் கெடுத்துவிட மாட்டீர்கள்.

நான் பார்த்தபோது செர்ன் சர்வர் அனுப்பியவை இவை. இன்றைய தேதியும் நேரமும். சர்வர் மென்பொருளின் பெயர் அப்பாச்சி. ‘லாஸ்ட்-மாடிஃபைடு’, அதாவது இந்தப் பக்கம் கடைசியாக மாறியது: 2014 பிப்ரவரி 5, புதன்கிழமை, கிரீன்விச் நேரம் 16:00:31. ‘ஈடேக்’ என்று ஒன்று; 286 என்று தொடங்கி, ஒரு சிறு கோடு, அதன் பிறகு எண்ணும் எழுத்தும் கலந்து 13 இடங்களுக்கு நீளும் ஒரு குறி. பக்கத்தின் நீளம் 646. இன்னும் ஓரிரு வரிகள், அவை நமக்கு இப்போது வேண்டாம்.

இவற்றில் இரண்டு வரிகளை மட்டும் பிடித்துக்கொள்வோம். கடைசியாக மாறிய நேரம், ஈடேக்.

நீங்கள் பக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டீர்கள். பிரவுசர் அதைத் தூக்கிப் போடுவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓர் ஓரத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஓரத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். “ஃபோன் மெதுவா இருக்கா? கேஷை கிளியர் பண்ணிப் பாருங்க” என்று கடைக்காரர் சொல்வாரே, அதேதான். நகல் எடுப்பது சுலபமான வேலை. கஷ்டம் அதன் பிறகுதான் வருகிறது. நாளைக்கு அதே பக்கத்தை நீங்கள் கேட்டால் நகலைக் காட்டலாமா, கூடாதா? இதற்குள் ஜெனீவாவில் யாராவது பக்கத்தை மாற்றியிருந்தால்?

வலை பிறந்த புதிதில் இந்தக் கேள்விக்கு வழியே இருக்கவில்லை. அப்போது பிரவுசர் அனுப்பியது ஒரே ஒரு வரி: ‘கெட்’, பக்கத்தின் பெயர். சர்வர் பக்கத்தைக் கொட்டிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடும். ஹெடர் என்ற பேச்சே கிடையாது. ஹெடர்கள் பிறகு சேர்ந்தன. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளுக்கு எச்டிடிபி என்று பெயர். 1996இல் எச்டிடிபி 1.0 என்ற ஆவணத்தில் ஹெடர்கள் முறையாக எழுதப்பட்டன. அதிலிருந்துதான் பிரவுசரால் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்க முடிந்தது.

அந்தக் கேள்வி இது: “என்னிடம் 2014 பிப்ரவரி 5, 16:00:31 தேதியிட்ட நகல் இருக்கிறது. அதற்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் அனுப்பு.” இந்த ஹெடரின் பெயர் ‘இஃப்-மாடிஃபைடு-சின்ஸ்’. மாறியிருந்தால் சர்வர் 200 என்ற எண்ணோடு புதிய பக்கத்தை அனுப்பும். மாறவில்லை என்றால் 304 என்ற எண் மட்டும் வரும், பக்கம் வராது. ‘மாறவில்லை, இருப்பதையே காட்டு’ என்று அதற்குப் பொருள். பக்கம் காணாமல் போனால் வரும் 404ஐ எல்லோருக்கும் தெரியும். அதைவிட அதிகமாக உழைக்கும் இந்த 304ஐ யாரும் கண்டுகொள்வதில்லை, பாவம்.

சரி, தேதி இருக்கும்போது ஈடேக் எதற்கு?

தேதியில் விநாடி வரைதான் எழுத முடியும். ஒரே விநாடியில் ஒரு பக்கம் இரண்டு தடவை மாறினால் தேதி ஏமாந்துபோகும். எழுத்து எதையும் மாற்றாமல் கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தால், உள்ளே ஒன்றும் மாறாமலே தேதி மட்டும் புதிதாகிவிடும். ஆகவே சர்வர் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு குறி வைக்கிறது. பக்கம் மாறினால் குறியும் மாற வேண்டும். பிரவுசர் அடுத்த தடவை அந்தக் குறியைத் திருப்பி அனுப்பி, “இதுதானா இன்னும்?” என்று கேட்கும். இந்த முறை 1997இல் வந்த எச்டிடிபி 1.1இல் சேர்ந்தது.

பிரவுசருக்கு அந்தக் குறியின் அர்த்தம் தெரியாது, தெரியவும் வேண்டாம். வந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். ஆனால் நமக்கு ஆசை விடுமா? செர்ன் குறியை உடைத்துப் பார்ப்போம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எண்ணுவது பத்தடிமானத்தில். 286 என்றால் இரண்டு நூறு, எட்டுப் பத்து, ஆறு ஒன்று. கணினிக்காரர்களுக்குப் பதினாறடிமானம் பிடிக்கும். அதில் வலக்கோடியிலிருந்து இடங்களின் மதிப்பு 1, 16, 256 என்று போகும். அப்படியானால் 286 என்பது 2×256, 8×16, அதனுடன் 6. அதாவது 512 + 128 + 6. கூட்டிப் பாருங்கள்: 646! பக்கத்தின் நீளமேதான். அப்பாச்சி தன் குறியின் முதல் பாதியில் கோப்பின் அளவைப் பதினாறடிமானத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாம் பாதியும் எண்தான். பதினாறடிமானத்தில் ஒன்பதுக்கு மேல் ஆறு இலக்கங்கள் தேவைப்படுவதால் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அது எண்ணும் எழுத்துமாகத் தெரிகிறது. அந்த 13 இடங்களை நம் எண்ணுக்கு மாற்றினால் 1391616031000000 வருகிறது. பல கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. இங்கே எண்ணியிருப்பது விநாடியை அல்ல, விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை. கடைசி ஆறு பூஜ்யங்களை அடித்துவிட்டால் விநாடிக் கணக்கு கிடைக்கும்: 1391616031. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் 16,106 நாட்கள் போக 57,631 விநாடி மீதி. 57,600 என்பது சரியாக 16 மணி நேரம். அதற்கு மேல் 31 விநாடி. 1970 ஜனவரி 1க்குப் பிறகு 16,106 நாட்கள் கழித்து வரும் நாள் எது? காலண்டரில் எண்ணினால் 2014 பிப்ரவரி 5. நேரம் 16:00:31. மேலே பார்த்த தேதி வரியோடு அச்சாகப் பொருந்துகிறது!

எல்லா சர்வரும் இப்படித்தான் குறி வைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில சர்வர்கள் பக்கத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் சேர்த்துக் குறி செய்கின்றன. அவற்றை இப்படிப் பென்சிலால் உடைக்க முடியாது.

இப்போது ஒரு சிக்கல். 304 வந்ததால் நமக்கு என்ன மிச்சம்? பக்கத்தின் எடை மிச்சம். ஒரு படம் 30 லட்சம் பைட் என்றால் அது பெரிய மிச்சம்தான். செர்னின் 646 பைட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் இரண்டிலும் தூரம் மிச்சமாகவில்லையே! “மாறியதா?” என்று கேட்கவும் ஜெனீவா வரை போய்த்தான் வர வேண்டும்.

சென்னையிலிருந்து ஜெனீவா நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 15,400 கிலோமீட்டர் என்றால் 0.077 விநாடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, கடலடியில் வளைந்து நெளிந்து போகிறது, ஆகவே நிஜத்தில் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, முதலில் ‘நான் பேசலாமா, நீ தயாரா’ என்று ஒரு தடவை போய்வந்த பிறகுதான் கேள்வியையே கேட்க முடியும். ஒளியை இதைவிட வேகமாக ஓடச் சொல்ல யாராலும் முடியாது. பணம் கொடுத்தாலும் முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைய செய்தித் தளம் ஒன்றின் முகப்புக்குப் படம், எழுத்துரு, நிரல் என்று பல டஜன் கோப்புகள் வேண்டும்.

ஆக, கேட்காமலே இருந்தால்தான் தூரம் மிச்சம். சர்வர் முதல் தடவையே சொல்லி அனுப்பிவிட வேண்டும்: “இந்த நகலை இவ்வளவு காலத்துக்கு நம்பலாம், அதுவரை என்னைக் கேட்காதே.”

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். பழையது ‘எக்ஸ்பயர்ஸ்’. அது ஒரு தேதி. புதியது ‘கேஷ்-கண்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்’. அது ஒரு கால அளவு. வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். டாக்டர் குழந்தைகளுக்கு எழுதிக் கொடுக்கும், தண்ணீர் கலக்கும் பொடி மருந்துப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். அதில் காலாவதித் தேதி ஒன்று அச்சாகியிருக்கும். கூடவே ‘கலந்தபின் 7 நாட்களுக்குள் பயன்படுத்தவும்’ என்ற மாதிரி இன்னொரு வரியும் இருக்கும். முதலாவது எக்ஸ்பயர்ஸ், இரண்டாவது மேக்ஸ்-ஏஜ். வீட்டுக் காலண்டரில் தேதி கிழிக்க மறந்திருந்தால் முதல் வரியில் ஏமாறலாம். இரண்டாவதில் கலந்த நாளிலிருந்து எண்ணினால் போதும், இன்று என்ன தேதி என்று தெரிய வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரில் கடிகாரம் தப்பாக ஓடுவது அபூர்வமே அல்ல. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இரண்டு வரியும் ஒன்றாக வந்தால் மேக்ஸ்-ஏஜ் சொல்வதுதான் செல்லும்.

மேக்ஸ்-ஏஜ் எப்போதும் விநாடியில்தான். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். ஹெடர்களை மேய்ந்துகொண்டே போனால் 31536000 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். 365×24×60×60 பெருக்கிப் பார்த்தால் அது என்ன காலம் என்று புரிந்துவிடும்.

நம் செர்ன் சர்வர் இதில் எதையும் அனுப்பவில்லை, கவனித்தீர்களா? எவ்வளவு காலம் நம்பலாம் என்று சொல்லவே இல்லை. அப்போது பிரவுசர் தானே ஊகித்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. வழக்கமான ஊகம், பக்கம் மாறாமல் இருந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. 10 நாளாக மாறாத பக்கத்தை இன்னும் ஒரு நாள் நம்பலாம். 2014 பிப்ரவரி 5இல் மாறிய பக்கத்தை 2024 பிப்ரவரி 5இல் ஒருவர் பார்த்திருந்தால், இடையில் 3,652 நாட்கள். பத்தில் ஒரு பங்கு 365 நாட்கள். ஒரு வருடம்! ஊகம் இவ்வளவு நீளக் கூடாது என்று தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும் பிரவுசரும் உண்டு. எனக்கென்னவோ இந்தப் பத்தில் ஒரு பங்கு விதி மிகவும் பிடிக்கும். நேற்று வரை அடிக்கடி மாறியது இன்றும் மாறும், நெடுநாளாக மாறாதது அவ்வளவு சீக்கிரம் மாறாது என்ற அனுபவ அறிவை ஒரே வகுத்தலில் அடக்கிவிட்டார்கள்.

ஒரு வருடம் நம்பு என்று சொல்லியாயிற்று. மறுநாளே படத்தில் தப்பு இருப்பது தெரிகிறது. சர்வர் என்ன செய்யும்? ஒன்றும் செய்ய முடியாது. சர்வர் தானாக யாரையும் கூப்பிட்டு “அதை அழித்துவிடு” என்று சொல்லாது. கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் வேலை. பிரவுசரோ ஒரு வருடத்துக்குக் கேட்கப் போவதில்லை. இதற்கு வலைத்தளம் கட்டுபவர்கள் பிடித்த வழி, கோப்பின் பெயரையே மாற்றிவிடுவது. பெயர் வேறு என்றால் பிரவுசருக்கு அது வேறு கோப்பு, நகல் இல்லாத கோப்பு. அதனால்தான் படங்களின், நிரல்களின் பெயருக்கு நடுவே பொருளில்லாத எழுத்துக் கோவை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறீர்கள். முகப்புப் பக்கத்துக்கு மட்டும் குறைந்த காலம் கொடுத்துவிட்டு, அது கூப்பிடும் மற்ற கோப்புகளுக்கு ஒரு வருடம் கொடுத்துவிடுவார்கள்.

நகல் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வழியிலும் வைக்கலாம். 1998இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கணிதம் கற்பித்த டாம் லைட்டனும் அவர் மாணவர் டேனியல் லூவினும் சேர்ந்து அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகமெங்கும் சர்வர்களை வைத்து, பெரிய தளங்களின் நகல்களை மக்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது அதன் வேலை. இன்று இப்படிப் பல நிறுவனங்கள் உண்டு. இந்தப் பொது நகலின் பலம் கூட்டம் கூடும்போது தெரியும். பரீட்சை முடிவு எப்போது வெளியாகும் என்ற அறிவிப்பை 10 லட்சம் பேர் 5 விநாடிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகல் இல்லாவிட்டால் சர்வருக்கு விநாடிக்கு 2 லட்சம் கேள்வி. அந்தப் பக்கத்தை வெறும் 5 விநாடிக்கு நம்பலாம் என்று சொல்லி, நாடு முழுவதும் 100 நகல் நிலையங்கள் வைத்தால், ஒவ்வொரு நிலையமும் 5 விநாடிக்கு ஒரு தடவை கேட்டால் போதும். விநாடிக்கு 20 கேள்விதான்! யாரும் 5 விநாடிக்கு மேல் பழைய செய்தியைப் பார்க்கப்போவதும் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் பொதுவான பக்கத்தைத்தான் இப்படி வைக்கலாம். உங்கள் மதிப்பெண் பட்டியலை அங்கே வைத்தால் அடுத்து வருகிறவருக்கும் உங்கள் மதிப்பெண்ணே போகும். இது கற்பனை அல்ல. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற வீடியோ கேம் கடையில் அப்படித்தான் நடந்தது. யாரோ தாக்குதல் நடத்தி அந்தத் தளத்தைத் திணறடித்தார்கள். சமாளிப்பதற்காகப் போட்ட கேஷ் விதிகளில் ஒன்று தப்பாகிவிட்டது. ஒருவர் தன் கணக்கைத் திறந்தால் முன்பின் தெரியாத இன்னொருவரின் முகவரியும் வாங்கிய பொருட்களும் தெரிந்தன. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் இப்படி வெளியே தெரிந்திருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் பிறகு அறிவித்தது.

இதைத் தடுக்க ‘பிரைவேட்’ என்று ஒரு சொல் உண்டு. கேட்டவரின் பிரவுசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், வழியில் யாரும் வைக்கக் கூடாது என்று அர்த்தம். அதைவிடக் கண்டிப்பானது ‘நோ-ஸ்டோர்’, எங்குமே வைக்காதே. வங்கித் தளங்களில் பார்க்கலாம். ‘நோ-கேஷ்’ என்றும் ஒன்று இருக்கிறது. கேஷில் வைக்காதே என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்று அர்த்தம். பெரிய என்ஜினியர்களே இதில் வழுக்கி விழுவார்கள்.

கடைசியாகத் துப்பறியும் கதை ஒன்று. 2000ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் கேஷை வைத்தே வேவு பார்க்கலாம் என்று காட்டினார்கள். நீங்கள் ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். அது உங்கள் பிரவுசரிடம் வேறொரு தளத்தின் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. சட்டென்று வந்தால் நகல் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் அந்த வேறு தளத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள்! தாமதமாக வந்தால் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்காமலே உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டுவிட்டது.

இதற்கு மருந்தாகப் பிரவுசர்கள் கேஷைத் தளவாரியாகப் பிரித்து வைக்கத் தொடங்கின. குரோம் 2020இல் இதைச் செய்தது. ஒரே எழுத்துருவைப் பத்துத் தளங்கள் பயன்படுத்தினால் முன்பு ஒரு நகல் போதும். இப்போது பத்து முறை இறக்கி, பத்து நகலாகத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது.